காய் வெந்த தண்ணீர்

சந்திராவின் அடுப்படியில் இரண்டு பேர் நிற்க முடியாது. ஒருவர் நிற்பதென்றாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும், ஏனென்றால் கதவு உள்பக்கமாகத் திறக்கும். திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சிங்காரம் என்பவருடைய வீட்டின் பின்பக்கம் ஒரு அறையும் அந்த அடுப்படியும் வாடகைக்கு. கேஸ் அடுப்பில் இரண்டு பர்னர், எரிவது ஒன்று. பிரிட்ஜ் அறைக்குள் கட்டிலை ஒட்டி நின்றது. அதைத் திறக்க வேண்டுமானால் கட்டிலில் படுத்திருக்கும் அவள் புருஷன் விஜயன் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அவள் அடுப்படியிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே அவன் மடக்கிவிடுவான். பதினாலு மாதமாக அப்படித்தான்.

விஜயன் ஆட்டோக்காரன். மலைக்கு ஆள் ஏற்றி இறக்கியவன். நாற்பத்தி நாலு வயதில் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மின்சார ரயிலேறித் திருவள்ளூர் போய், ஒரு ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வருவான். போகும்போது தனியாகப் போவான். திரும்பி வரும்போது கால் தள்ளாடும் என்பதால், துணி தைக்கிற கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக ஸ்டேஷனுக்குப் போய் சந்திரா நிற்பாள். பெண் கனிமொழி வேலூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். அவள் துணி வைத்திருந்த அலமாரியில் இப்போது அரிசியும் பருப்பும் மாத்திரைப் பெட்டியும் இருந்தன.

ஆரம்பத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டார், பொட்டாசியம் என்று ஒன்று. காயில், கீரையில், பழத்தில், தேங்காயில் எல்லாம் இருப்பது. நல்ல உடம்பு அதைச் சிறுநீரில் கழித்துவிடும். இவனுக்குக் கழியாது, தேங்கும். அளவு மீறினால் முதலில் கை கால் சோரும், பிறகு இதயம் நிற்கும். வலிக்கவும் வலிக்காது. சந்திரா அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சமையல் என்பது காயிலிருந்து காயை எடுத்துவிடுகிற வேலையாக ஆனது. சின்னதாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது பார்வைக்குக் காய் மாதிரி இருக்கும். அதில் உப்பு பாதி. குடிக்கிற தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், பாட்டிலில் அளந்து கட்டில் தலைமாட்டில் வைத்துவிடுவாள்.

காலையில் நாலரைக்கு எழுந்தால் ஆறு மணிக்குள் அந்த ஒற்றை அடுப்பில் சோறு, காய், அவளுக்கு டப்பா எல்லாம் முடிய வேண்டும். ஆறரைக்கு பைபாஸில் வேன் வரும். அதனால் காயை முதல் நாள் சாயங்காலமே நறுக்கி, ஊறும் பாத்திரத்தை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பாள். அந்தத் தட்டில் எந்தப் பாத்திரம் நுழையுமோ அந்தப் பாத்திரம் கொள்கிற அளவுக்குத்தான் சனிக்கிழமை மார்க்கெட்டில் காய் வாங்குவாள். சுரைக்காய்க்காரி துர்காவிடம் பாதிச் சுரைக்காய் கேட்பாள்.

"வாரா வாரம் பாதி கேளு. மீதிப் பாதிய நான் யாருக்குக் கட்டிக் குடுக்கறது?" என்பாள் துர்கா.

"நீயே துன்னு."

"நான் துன்னா ஒடம்புக்கு ஆவாது. எனக்கு முருங்கக்காதான்."

சொல்லிக்கொண்டே வெட்டித் தருவாள். மார்க்கெட்டில் சந்திரா பேசுவது அவ்வளவுதான்.

ஆடி மாதம் வந்தது. கிருத்திகை செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. காலண்டரைப் பார்த்ததும் சந்திராவுக்கு முதலில் தோன்றியது ரயில்தான். கிருத்திகையன்று திருத்தணியில் ரயிலேற முடியாது, இறங்குகிறவர்கள் விடமாட்டார்கள். ஊருக்குள் வண்டி வராது, பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். மெஷினுக்கு வேறு நாள் கேட்டாள். திங்கள் எல்லா மெஷினிலும் ஆள் இருந்தது. புதன் காலையில் ஒன்று கிடைத்தது. வெள்ளிக்குப் பிறகு புதன் என்றால் நடுவில் நாலு நாள் முழுசாக. பரவாயில்லையா என்று கேட்டாள். தண்ணீரையும் சாப்பாட்டையும் கட்டுப்பாடாக வைத்தால் தாங்கும், கொஞ்சம் தவறினாலும் சிரமம் என்றார்கள். வைத்துவிடலாம் என்று நினைத்தாள். அவள் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிப்பட்டிலிருந்து மாமியார் கெங்கம்மாள் வந்தாள். கூட விஜயனின் அக்கா கோவிந்தம்மாள், அக்கா புருஷன் துரைக்கண்ணு, அவர்கள் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர். துரைக்கண்ணு இந்த வருஷம் காவடி எடுக்கிறார். வேண்டுதல் விஜயனுக்காக. எட்டுப் பேரும் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். வரும்போது கெங்கம்மாள் நிலத்திலிருந்து இரண்டு கோணி நிறையக் காய் கொண்டுவந்தாள். பூசணி, முருங்கைக்காய், கத்திரி, சேப்பங்கிழங்கு, ஒரு தார் வாழை, பத்துத் தேங்காய்.

கோணியை வைக்க இடமில்லை. ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள் சந்திரா. இன்னொன்று வாசல்படியில் இருந்தது, ஏறுகிறவர்கள் தாண்டி ஏறினார்கள்.

"எத்தத் தள்ளினாலும் வாழத்தார அவன் கண்ணுல படாத எடத்துல வையிடி," என்றாள் கெங்கம்மாள். "சின்ன வயசுலயே பழம்னா உயிர வுடுவான்."

"அதுக்குத்தான் இப்ப உயிர வுடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க," என்றான் விஜயன் கட்டிலிலிருந்து.

துரைக்கண்ணு சிரித்தார். கெங்கம்மாள் சிரிக்கவில்லை. மகனுக்கு எது ஆகும் எது ஆகாது என்று சந்திரா போனில் சொன்னதை எல்லாம் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். தேங்காய் கூடாது. பழம் கூடாது. கீரை கூடாது. இளநீர் கூடவே கூடாது. உப்பு பாதி. வந்ததிலிருந்து அவனுக்கு ஒன்றும் நீட்டவில்லை. பஞ்சாமிர்தம் வந்தால்கூட அவனுக்கு விரல் நுனியில் நெற்றிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத கெங்கம்மாள் அந்த வீட்டில் சந்திராவுக்கு அடுத்தபடி ஒழுங்காக இருந்தாள். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை பரணி. பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டும், அடுப்பு ஒன்று. இரண்டு விதமாகச் சமைக்க நேரமும் இல்லை, பாத்திரம் வைக்க இடமும் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே காயாக, விஜயனுக்குச் செய்கிற மாதிரியே செய்துவிடுவது என்று சந்திரா முடிவு செய்தாள். வேண்டியவர்கள் உப்பும் காரமும் மேலே போட்டுக்கொள்ளட்டும். சிங்காரம் வீட்டுப் பெரிய குண்டானை இரவல் வாங்கி, கோணிக் காயில் பாதியை நறுக்கி, ஊறவைத்துக் கொட்டி, விடியற்காலையில் வேகவைத்தாள். வெந்த காயை அரித்து அன்னக்கூடையில் போட்டாள். குண்டானில் மிஞ்சிய தண்ணீர் பத்துப் பேருடைய காயின் தண்ணீர். பொன்னிறமாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

அதைக் கொட்ட வேண்டிய சலதாரை முற்றத்தில் சிங்காரம் வீட்டுக்கும் இவர்களுக்கும் பொது. அங்கே காவடி வீட்டு ஆட்கள் வரிசையாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு தலைக்கு ஊற்றிக்கொண்டு, சொம்பு சொம்பாக முருகனைக் கூப்பிட்டார். கொதிக்கிற குண்டானை ஆள் நிற்கிற இடத்தில் கொட்ட முடியாது. மணி ஆறேகால். சந்திரா குண்டானைத் தட்டால் மூடி, அடுப்படி மூலையில் தரையில் வைத்துவிட்டு வேனுக்கு ஓடினாள். சாயங்காலம் வந்து கொட்டிக்கொள்ளலாம். பல நாள் அப்படிச் செய்திருக்கிறாள். வீட்டில் இருந்தது விஜயன் மட்டும் என்பதால் அது ஒருநாளும் தப்பாகப் போனதில்லை.

சாயங்காலம் அவள் வந்தபோது குண்டான் கழுவிக் கவிழ்த்திருந்தது. யாரோ உதவி செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். மறுநாளைக்கு லீவு போட்டிருந்தாள். பூ கட்டுகிறவர்கள் கட்டினார்கள், பாடுகிறவர்கள் பாடினார்கள். சந்திரா முற்றத்தில் பத்துப் பேர் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது விஜயனுக்குக் கெங்கம்மாளே சோறு போட்டாள். விஜயன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அக்கா புருஷனைக் கேலி செய்துகொண்டிருந்தான்.

"பாவா, காவடிய மட்டும் தூக்கு. வயித்த இங்கயே வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

பல நாளாக அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ஆட்கள் வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் காவடி புறப்பட்டது. எல்லோரும் போனார்கள். சந்து முழுக்க மஞ்சளும் கற்பூரமும். அவர்கள் போன அரை மணி நேரத்தில் சந்திரா மோர் எடுக்க பிரிட்ஜ் பக்கம் வந்தாள். விஜயன் காலை மடக்கவில்லை.

"காலெடு," என்றாள்.

"எடுத்துகினுதான் கீறேன். வரமாட்டுது."

அவள் அவன் பாதத்தைத் தொட்டாள். கையைத் தூக்கச் சொன்னாள். முழங்கை வரைக்கும் எழுந்து விழுந்தது. நாக்கு குழறியது. காலண்டர் தாளில் எழுதியிருந்த வரிசை அப்படியே வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பதற்றம் வரவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். ஊருக்குள் வர முடியாது, பைபாஸ் வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள், அங்கே நிற்கிறோம் என்றார்கள். அது நியாயம்தான். சந்து முனையைத் தாண்டியதும் சாலையில் எள் போட இடமில்லை.

சிங்காரத்தைக் கூப்பிட்டாள். அவருக்கு அறுபது வயது, முதுகு வலிக்காரர்.

"தூக்கிகினு போவ நம்மால ஆவாது தாயி. முனையில பழவண்டி கீது. பழத்தக் கீழ எறக்கிட்டு அதுல போட்டுக்கலாம்."

பழக்காரன் கொய்யாவை எல்லாம் சாக்கில் கொட்டிவிட்டு வண்டியைக் கொடுத்தான். அவனும் சிங்காரமும் தள்ளினார்கள். சந்திரா விஜயனின் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

ஊரே மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போனார்கள். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள், பூக்காவடி, பால்குடம், உடம்பில் வேல் குத்திக்கொண்டவர்கள். தள்ளுவண்டியில் ஒரு ஆளைப் படுக்கவைத்துத் தள்ளிவருவதைப் பார்த்ததும் இதுவும் ஒரு வேண்டுதல் என்று நினைத்தார்கள். அரோகரா என்று சத்தம் போட்டு வழி விட்டார்கள். ஒரு அம்மாள் ஓடிவந்து விஜயன் நெற்றியில் பட்டையாக விபூதி பூசினாள். இன்னொருத்தி அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நீர்மோர்ப் பந்தலிலிருந்து ஒருவர் டம்ளரோடு வந்து அவன் வாயில் ஊற்றப் பார்த்தார். சந்திரா டம்ளரைப் பிடித்துத் தள்ளினாள். மோர் அவர் சட்டையில் கொட்டியது.

"சாமிக்குக் குடுக்கறத தட்டுறியேம்மா."

"சாமி இல்ல. தள்ளு."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. பைபாஸ் போய்ச் சேர முக்கால் மணி ஆனது.

ஆம்புலன்சில் ஒரு ஊசி போட்டார்கள். திருவள்ளூரில் இன்னும் இரண்டு. நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த தாளைப் பார்த்த டாக்டர் பெண், இன்னும் ஒரு மணி நேரம் தாமதம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மெஷினில் போட்டார்கள். பிறகு அந்தப் பெண் வெளியே வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். சந்திரா சொன்னாள். இரண்டு நாளும் சோறு, வடித்த காய், மோர் அரை டம்ளர். அந்தப் பெண் நம்பவில்லை. வேறு ஏதோ போயிருக்கிறது என்றாள்.

சந்திரா கோவிந்தம்மாளுக்குப் போன் போட்டாள். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"நான் இல்லாதப்ப அவுருக்கு இன்னா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலியே சந்திரா. அம்மா ரசம் வச்சுது. அதான் சோத்துல ஊத்துச்சு."

"எதுல வச்சாங்க?"

"எதுலன்னா? நீ காய் வெந்த தண்ணி ஒரு குண்டான் வச்சிருந்தியே, அதுலதான். சத்தெல்லாம் அதுலதானே கீதுன்னு சொல்லிச்சு. தக்காளி ரெண்டே ரெண்டுதான் போட்டுச்சு, உப்புகூடப் பாதிதான். ஏன் சந்திரா?"

சந்திரா சொன்னாள். அந்தப் பக்கம் கோவிந்தம்மாள் அதை அப்படியே திருப்பிச் சொல்வதும், மாமியார் எது, எந்தத் தண்ணி என்று கேட்பதும் காதில் விழுந்தது. பிறகு மேளம் மட்டும் கேட்டது.

யோசித்துப் பார்த்தால் அதில் பிசகு எங்கே என்று யாரும் சொல்ல முடியாது. காட்டுமேட்டில் காய் விளைவித்துத் தின்கிற எந்தக் குடித்தனத்திலும் காய் வெந்த தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். அதில்தான் குழம்பு கூட்டுவார்கள், ரசம் வைப்பார்கள், மிஞ்சினால் மாட்டுக்கு ஊற்றுவார்கள். மருமகள் அதை மூடி வைத்திருந்தாள் என்றால் எதற்கோ எடுத்து வைத்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். என்னென்ன சாப்பிடக் கூடாது என்று சந்திரா சொல்லியிருக்கிறாளே தவிர, எதைக் கொட்ட வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த அடுப்படியில் இரண்டாவது ஆள் நின்றதே இல்லை.

விஜயன் பிழைத்துக்கொண்டான். புதன்கிழமை காலையில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நெற்றியில் அந்த அம்மாள் பூசிய விபூதியில் கொஞ்சம் இன்னும் இருந்தது. சந்திரா ஈரத்துணியால் துடைத்தாள்.

"அந்த ரசத்த எத்தினி வாட்டி குடிச்ச?"

"மதியம் ரெண்டு டம்ளர். ராத்திரி ஒண்ணு. நேத்து காலையில மிச்சத்த, நீ குளிக்கப் போனப்ப."

"அந்தத் தண்ணின்னு தெரியாதா ஒனக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர் தொட்டி.

"தெரியும்," என்றான். "கட்டில்ல இருந்தே பாத்துகினுதான இருந்தேன். கெழவி குண்டானத் தொறந்து மோந்து பாத்துச்சி. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"வாயத் தொறந்து சொல்லல."

"சொல்லல."

"சாவணும்னு நெனச்சியா?"

"அதெல்லாம் நெனக்கல. மோப்பம் வந்திச்சி. ஒரு வாய்னு குடிச்சேன். நல்லா இருந்திச்சி."

தனக்குக் கோபம் வரும் என்று சந்திரா காத்திருந்தாள், வரவில்லை. நர்ஸ் வந்து, இனிமேல் வாரத்துக்கு இரண்டு நாள் போதாது, மூன்று நாள் வர வேண்டும், திங்கள், புதன், சனி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள். சந்திரா அதை வாங்கிப் படித்தாள். சனிக்கிழமை சாயங்கால மார்க்கெட் போய்விடும். காய் வாங்க ஞாயிற்றுக்கிழமை காலைதான். ஞாயிறு வாங்கினால் அடுத்த சனி வரைக்கும் கோவைக்காய் தாங்காது, கோஸ் தாங்கும். அவள் மனம் அதில் போய்ப் பொருந்திக்கொண்டது.

விஜயனை இரண்டு நாள் அங்கேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். மாற்றுத்துணி எடுக்கவும் மறுநாள் கம்பெனிக்கு முகம் காட்டவும் சாயங்கால ரயிலில் சந்திரா வீட்டுக்கு வந்தாள். தெப்பத்துக்குக் கூட்டம் இன்னும் இருந்தது. பள்ளிப்பட்டு ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கெங்கம்மாள் மட்டும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், அதே மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்தாள். காவடி இறங்கியதிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று சிங்காரத்தின் பெண்சாதி முற்றத்திலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எப்பிடி கீறான்?"

"உக்காந்துகினு பேசறாரு."

"நான் ஊத்துனதாலதானே?"

சந்திரா பிரிட்ஜைத் திறந்தாள். திங்கட்கிழமை வடித்த காயில் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. கெட்டுப்போகவில்லை.

"சொல்லுடி. என் கையாலதானே ஊத்தினேன். மூணு வாட்டி கேட்டான், மூணு வாட்டியும் ஊத்தினேன். புள்ள ஆசையா கேக்கறானேன்னு. அவனுக்குத்தான் காவடி எடுத்துகினு வந்தோம். வந்த எடத்துல நானே..."

அவள் முகத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து அவளும் விழுவாள் என்று தெரிந்தது. விழுந்தால் பார்க்க ஆள் இல்லை, படுக்கவைக்க இடமும் இல்லை. அவன் தெரிந்துதான் குடித்தான் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நல்லா இருந்திச்சி என்பதை ஒரு தாயிடம் எப்படிச் சொன்னாலும் அது அங்கே முடியாது, விடிய விடியப் போகும். காலையில் ஆறரைக்கு வேன்.

"தப்பு ஒங்க மேல இல்ல அத்த," என்றாள். "அந்தத் தண்ணிய நான் அப்பவே கொட்டியிருக்கணும். கொட்டாம மூடி வச்சிட்டுப் போய்ட்டேன். ஒங்ககிட்ட சொல்லவும் இல்ல. எல்லாம் என்னாலதான்."

கெங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் முதுகு நிமிர்ந்தது.

"கொட்டாம போவலாமா?" என்று ஆரம்பித்தாள். "வெசத்த மூடி வச்சிட்டுப் போனவ, இது வெசம்னு ஒரு வார்த்த சொல்ல வாணாமா? கம்பேனி வேன் போயிடும்னு ஓடறியே, புருஷன் போயிட்டா அந்த வேன் வந்து நிக்குமா? நான் கண்டனா இன்னா, எழுதப் படிக்கத் தெரிஞ்சவளா? நீ படிச்சவதானே?" குரல் ஏறியது. சந்திராவின் அப்பன் வீடு, அவள் வளர்ந்த விதம், பெண்ணை ஹாஸ்டலில் தள்ளியது என்று வரிசையாக வந்தது. முற்றத்தில் சிங்காரத்தின் பெண்சாதி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

சந்திரா ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டே சோறு வடித்தாள். காயைச் சுடவைத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, முகம் கழுவி வந்து, கெங்கம்மாள் தானாகவே தட்டை இழுத்துப்போட்டுக்கொண்டாள். திட்டுவதை மட்டும் விடவில்லை. சந்திரா சோறு போட்டாள். பக்கத்தில் காயை வைத்தாள்.

கெங்கம்மாள் ஒரு பிடி பிசைந்து வாயில் போட்டாள். மென்றாள். திட்டு நடுவில் நின்றது. இன்னொரு பிடி, இந்தத் தடவை காயை மட்டும் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, எதையோ தேடுகிறவள் மாதிரி நாக்கைப் புரட்டினாள்.

"இது இன்னா காய்டி?"

"பூசணி. நீங்க கொண்டாந்ததுதான்."

கெங்கம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதயா அவன் துன்றான்? தினமும்?"

"ஆங்."

உப்பு வேண்டுமா என்று சந்திரா கேட்டதற்குக் கெங்கம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தட்டில் இருந்த காயை ஒவ்வொன்றாக எடுத்து, மெதுவாக மென்று, மிச்சம் வைக்காமல் தின்றாள்.